கப்பல் கக்கும் புகையும் நாம் கொடுக்கும் கூலியும்

கப்பலில் ஒரு நாளும் கால் வைக்காத கமக்காரனுக்கும் நடுக்கடலில் போகும் கப்பலுக்கும் என்ன தொடர்பு? பற்றை மண்டிக் கிடக்கும் காணியைத் துப்புரவாக்குவதா, அடுத்த போகத்துக்கு விதைநெல் தேடுவதா என்று தவிக்கும் குடும்பத்திடம் போய்க் கப்பற் புகையைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இக்கேள்விக்கான விடை வட பகுதி மக்களுக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். 2006 ஆகஸ்ட் மாதம் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரிசியும் மாவும் சீனியும் கப்பலில்தான் வந்தன. கப்பல் பிந்தினால் சங்கக்கடை வரிசை நீண்டது, விலை ஏறியது. கப்பல் வந்தால் அடுப்பு எரிந்தது.

அன்று நாம் கண்டறிந்த உண்மை இதுதான்: கடையில் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலைக்குள் கப்பற்கூலி ஒளிந்திருக்கிறது. யுத்தம் முடிந்த பின்னும் அது ஒளிந்தேதான் இருக்கிறது. உலக வர்த்தகத்தில் இடம் மாறும் பொருட்களில், அளவின்படி பார்த்தால், 80 வீதத்துக்கு மேற்பட்டவை கடல் வழியாகவே போகின்றன. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. திருகோணமலை ஆலையில் அரைபடும் கோதுமை கடல் கடந்து வருவது. வயலுக்கு இடும் யூரியாவும், நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

இந்தக் கப்பற்கூலிக்குள் அண்மைக் காலத்தில் புதியதொரு செலவு சேர்ந்துள்ளது. இன்னொன்று சேரக் காத்திருக்கிறது. கப்பல்கள் கக்கும் நச்சுப் புகையைக் குறைப்பதற்கான செலவு அது. அச்செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது, பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பவை தூர தேசத்து நிபுணர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விடயங்களாக இருக்கக்கூடாது. இறுதியில் பணம் கொடுப்பவர்களுள் நாமும் இருக்கிறோம்.

கப்பலின் அடுப்பில் எரிவது என்ன?

மசகு எண்ணெயைச் சுத்திகரித்துப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்த பின்பு அடியில் மிஞ்சும் கசடுதான் பல தசாப்தங்களாகப் பெருங்கப்பல்களின் எரிபொருளாக இருந்து வந்தது. தார் போலத் தடித்தது. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். மலிவு என்பதே அதன் சிறப்பு. கந்தகம் மிகுதி என்பது அதன் குற்றம். ஐரோப்பாவில் வீதியில் ஓடும் லொறிக்கு விற்கும் டீசலில் கந்தகம் 0.001 வீதத்தைத் தாண்டக்கூடாது. கப்பல் எண்ணெயில் 3.5 வீதம் வரை இருக்கலாம் என்று 2019 ஆம் ஆண்டின் இறுதி வரை சர்வதேச விதியே அனுமதித்தது. இது லொறி டீசலின் எல்லையைப் போல் 3,500 மடங்கு. விற்கப்பட்ட எண்ணெயின் சராசரி இந்த உச்ச எல்லையை விடக் குறைவாகவே இருந்தது. ஆயினும் லொறி டீசலோடு ஒப்பிட அது பல்லாயிரம் மடங்கா, இரண்டாயிரம் மடங்கா என்பதில் நுரையீரலுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 3.5 வீதக் கந்தகமுள்ள ஒரு தொன் எண்ணெயில் 35 கிலோ கந்தகம் இருக்கும். அது எரியும்போது வாயுவிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து 70 கிலோ கந்தகவீரொட்சைட்டாக வெளியேறும். பெரிய கொள்கலன் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 100 தொன் எண்ணெய் எரிக்கிறது என்றால், ஒரே நாளில் 7 தொன் நச்சு வாயு. அத்துடன் கரியும் நுண்துகளும் சேரும். வாயு காற்றில் பயணம் செய்யும்போது அதுவும் நுண்துகளாக மாறுகிறது. இத்துகள்கள் சுவாசப்பையின் அடி வரை இறங்கி, இழுப்பு, மாரடைப்பு, புற்றுநோய் ஆகியவற்றுக்கு வழி செய்கின்றன.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, தகாத எண்ணெயை எரித்தால் எப்படிப் புகையும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த தாய்மாருக்கும் தெரியும். வேறுபாடு ஒன்றுதான். கப்பலின் புகையை எவரும் கண்ணால் காண்பதில்லை. நடுக்கடலில்தானே போகிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கப்பற் புகையில் ஏறத்தாழ 70 வீதம் கரையிலிருந்து 400 கிலோமீற்றருக்குள்ளேயே வெளியேறுகிறது என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். உலகின் மிக நெருக்கமான கப்பற் பாதைகளுள் ஒன்று எமது தீவின் தெற்கே, தேவேந்திரமுனையை ஒட்டியே செல்கிறது.

2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கப்பற் புகையின் நுண்துகளால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியா ஆகியவற்றின் கரையோர மக்கள். 2018 இல் வேறு முறையில் கணக்கிட்ட இன்னோர் ஆய்வு, எண்ணெய் மாற்றப்படாவிட்டால் 2020 இல் இந்த எண்ணிக்கை 400,000 அளவில் இருக்கும் என்றும், பிள்ளைகளிடையே 14 மில்லியன் ஆஸ்த்துமா நோயாளருக்குக் கப்பற் புகை காரணமாகும் என்றும் கூறியது. கணிப்பு முறைகள் வேறுபடலாம். இரண்டும் காட்டும் திசை ஒன்றே.

இருபத்து மூன்று வருடங்கள்

இதைத் தடுக்க ஐக்கிய நாடுகள் சபையின் கீழுள்ள சர்வதேச கடல்சார் அமைப்பு 1997 இல் விதி எழுதியது. மார்போல் எனப்படும் உடன்படிக்கையின் ஆறாவது இணைப்பு அது. போதிய நாடுகள் ஏற்றுக்கொண்டு அது நடைமுறைக்கு வர 2005 ஆம் ஆண்டு மே மாதம் ஆயிற்று. முதலில் வைத்த எல்லை 4.5 வீதம், அப்படியொரு எல்லை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2012 இல் அது 3.5 வீதமாயிற்று. 2020 ஜனவரி 1 ஆம் திகதியே உலகம் முழுவதற்குமான எல்லை 0.5 வீதமாகக் குறைந்தது. எழுதிய நாளிலிருந்து இருபத்து மூன்று வருடங்கள் சென்றன. அதற்கிடையே வட ஐரோப்பிய, வட அமெரிக்கக் கரையோரங்களில் 2015 முதல் 0.1 வீத எல்லை வந்துவிட்டது. 2025 மே முதல் மத்தியதரைக் கடலும் அதில் சேர்ந்தது. வசதி படைத்தவர்களின் கரைக்கு முதலில் நல்ல காற்று வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2020 விதியையும் 2025 வரை பிற்போடலாமா என்ற யோசனை முன்பு இருந்தது. அப்படிப் பிற்போட்டால் அந்த ஐந்து வருடங்களில் 570,000க்கும் அதிகமானோர் மேலதிகமாக அகால மரணமடைவர் என்று பின்லாந்து நாடு 2016 இல் அவ்வமைப்பில் சமர்ப்பித்த ஆய்வு காட்டியது. பிற்போடுவதில்லை என்று அவ்வருடமே தீர்மானமாயிற்று. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு, அது ரூபாவில் எழுதப்படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மறுபுறத்தில் கப்பற் கம்பனிகளின் செலவும் பொய்யல்ல. சுத்தமான எண்ணெய் வாங்க வேண்டும். அல்லது பழைய கசட்டு எண்ணெயையே எரித்து, புகைபோக்கியில் புகை கழுவும் இயந்திரம் பூட்ட வேண்டும். இயந்திரம் ஒன்றுக்குச் சில மில்லியன் டொலர்கள். உலகின் பெருங் கப்பற் கம்பனிகளுள் ஒன்றான டென்மார்க்கின் மேர்ஸ்க், தனக்கு மட்டும் ஆண்டுக்கு 2 பில்லியன் டொலருக்கு மேல் எரிபொருட் செலவு கூடலாம் என்று 2018 இல் அறிவித்தது. 2020 ஜனவரியில் சிங்கப்பூரில் புதிய எண்ணெய் தொன்னுக்கு 700 டொலரைத் தாண்டியது. கொரோனாவினால் உலகம் முடங்கியபோது சில மாதங்களில் விலை விழுந்தது. யுக்ரேன் யுத்தத்துடன் 2022 இல் 1,000 டொலரையும் தாண்டியது.

ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு?

பில்லியன் கணக்கு எமக்கு விளங்குவதில்லை. எனவே அதை ஒரு கிலோ கோதுமைக்கு இறக்கிப் பார்ப்போம்.

60,000 தொன் கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று 30 நாட்கள் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய கப்பல் நாளொன்றுக்குச் சுமார் 30 தொன் எண்ணெய் எரிக்கும். மொத்தம் 900 தொன். சுத்தமான எண்ணெய் கசட்டு எண்ணெயை விடத் தொன்னுக்கு 200 டொலர் கூட என்று கொள்வோம். 2020 தொடக்கத்தில் வேறுபாடு இதைவிடக் கூடியிருந்தது. பின்னர் இதைவிட மிகக் குறைந்த காலங்களும் உண்டு. ஆக, பயணத்துக்கு மேலதிகச் செலவு 180,000 டொலர். கேட்கப் பயங்கரமான தொகை. அதை 60,000 தொன்னால் பிரித்தால் தொன்னுக்கு 3 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால் தொன்னுக்கு 900 ரூபா. கிலோவுக்கு 90 சதம். கப்பல் வெறுமையாகத் திரும்பிப் போகும் செலவையும் எம்மீதே போட்டாலும் கிலோவுக்கு 1 ரூபா 80 சதம்.

இத்தொகை பூச்சியமல்ல. நாளாந்தம் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பும் வீட்டில் ஒவ்வொரு ரூபாவும் ரூபாதான். ஆனால் வேறு அடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு வயல்கள் வெளிறின. இவற்றுள் ஒன்றுகூடக் கப்பற் புகையைக் குறைத்ததால் வந்ததல்ல. ஏழையின் விலையை ஏற்றியவை எவை என்பதைச் சரியாக இனங்காண வேண்டும். இல்லாவிட்டால், நல்ல காற்றுக்கான சட்டம் வந்ததால்தான் மாவு விலை கூடியது என்று எவராவது கூறும்போது தலையாட்டிவிடுவோம்.

கமக்காரர் அறியவேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் கந்தகம் குப்பைக்குப் போவதில்லை. இன்று உலகில் விற்பனையாகும் கந்தகத்தின் பெரும் பகுதி எண்ணெய், இயற்கை வாயு ஆலைகளில் இவ்விதம் பிரித்தெடுக்கப்படுவதே. அது கந்தக அமிலமாக்கப்பட்டு, அதில் பெரும் பங்கு பொசுபேற்று உரம் செய்யப் பயன்படுகிறது. கப்பலின் புகைபோக்கி வழியே போயிருந்தால் பிள்ளையின் நெஞ்சை அடைத்திருக்கும். ஆலையில் பிடித்தால் அதே பொருள் வயலுக்குப் பசளை.

சுமை சமமாக விழுவதில்லை

சராசரி கணக்கு நல்லதுதான். ஆனால் சராசரியில் எவரும் வாழ்வதில்லை. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கிய கதை எமக்குத் தெரியும். பெருந்தொகையாக வாங்குபவனுக்கு கப்பற்கூலி குறைவு. சிறிதளவு வாங்குபவனுக்குக் கூட. பெரிய துறைமுகத்துக்கு நேராகக் கப்பல் போகும்; சிறிய தீவுக்கு இரண்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு 2021 இல் இதைக் கணக்கிட்டது. அப்போது கொரோனாக் காலத் தட்டுப்பாட்டினால் கொள்கலன் கூலி வானளாவ ஏறியிருந்தது. அந்த ஏற்றம் நீடித்தால் 2023 அளவில் உலகில் நுகர்வோர் விலை 1.5 வீதம் உயரும் என்றும், சிறிய தீவு நாடுகளில் 7.5 வீதம் உயரும் என்றும் அது எச்சரித்தது. ஒரே கூலி, ஐந்து மடங்கு வேறுபட்ட அடி. புகையைக் குறைக்கும் செலவுக்கும் இதே நியதி பொருந்தும்.

வசதியுள்ள நாடுகளிலும் சிறியவர்களே முதலில் தட்டுப்பட்டார்கள். இங்கிலாந்தின் ஹாரிச் நகருக்கும் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கும் இடையே 1875 முதல் ஓடிய பயணிகள் கப்பற் சேவை 2014 செப்டெம்பரில் நின்றது. வரவிருந்த 0.1 வீதக் கந்தக விதியின் செலவும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

கம்பனிகளின் பக்கத்தையும் பார்ப்போம். ஆண்டுக்கு 2 பில்லியன் டொலர் செலவு கூடுமே என்று அஞ்சிய அதே மேர்ஸ்க், கூலி ஏறிய காலத்தில், 2022 இல் மட்டும் 29 பில்லியன் டொலருக்கு மேல் நிகர இலாபம் ஈட்டியது. இலாபம் ஈட்டியது சட்டவிரோதமல்ல. ஆனால் செலவு கூடும்போது 'எரிபொருள் மேலதிகக் கட்டணம்' என்று தனி வரியில் எழுதி வாடிக்கையாளரிடம் வாங்குவதும், இலாபம் கூடும்போது அதைப் பங்காளர்களுக்குப் பிரிப்பதும், பின்னர் 'நாம் சுற்றாடலைக் காக்கிறோம்' என்று விளம்பரம் செய்வதும் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தேங்காய் எவருடையது என்று கேட்கும் உரிமை கடைக்காரனுக்கு உண்டு.

செலவைக் குறைக்கும் குறுக்கு வழிகளிலும் சிறியவர்களுக்கே ஆபத்து. புகை கழுவும் இயந்திரங்களுள் பெரும்பாலானவை கடல் நீரை எடுத்துப் புகையைக் கழுவி, அமிலமும் உலோகக் கசிவும் கலந்த நீரைக் கடலிலேயே விடுகின்றன. வானத்துக்குப் போக இருந்த நஞ்சு மீனுக்குப் போகிறது. சிங்கப்பூர் தனது துறைமுக நீரில் இதை 2020 ஜனவரியிலிருந்து தடை செய்தது. டென்மார்க் தன் கடல் எல்லைக்குள் 2025 ஜூலையிலிருந்து தடை செய்தது. கம்பனியின் செலவை மீனவனின் வலைக்கு மாற்றுவது சுத்திகரிப்பு ஆகாது. அது இடமாற்றம் மட்டுமே.

எவரும் எழுதாத கணக்கு

அப்படியானால் இச்சட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. ஏனெனில் புகையைக் குறைக்காவிட்டாலும் செலவு உண்டு. அதற்கு மட்டும் எவரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் துறைமுகங்களை ஒட்டி வாழ்பவர்களுள் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் மக்கள். அமெரிக்கா முழுவதற்கும் மலிவான பொருட்கள் அத்துறைமுகங்கள் வழியாக இறங்கின. அந்த மலிவின் ஒரு பகுதியை இம்மக்கள் தங்கள் பிள்ளைகளின் இழுப்பு மருந்துக்குக் கொடுத்தார்கள். ஊர் மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் போராடிய பின்பே 2006 இல் இரு துறைமுகங்களும் கூட்டாகத் தூய காற்றுத் திட்டத்தை ஏற்றன. கரையில் நிற்கும் கப்பல் தன் இயந்திரத்தை நிறுத்தி, கரையிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். பழைய லொறிகள் மாற்றப்பட வேண்டும். டீசல் நுண்துகள் 2005 ஆம் ஆண்டு அளவிலிருந்து 80 வீதத்துக்கு மேல் குறைந்தது. பொருட்கள் வருவது நிற்கவில்லை.

ஹொங்கொங் இன்னொரு பாடம் தருகிறது. 2011 இல் சில கப்பற் கம்பனிகள் தாமாகவே, துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் சுத்தமான எண்ணெய் எரிக்க உடன்பட்டன. செலவு அவர்களுடையது. அடுத்த ஆண்டு அரசாங்கம் துறைமுகக் கட்டணத்தில் பாதியைக் கழித்து அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் நல்லது செய்தவன் செலவாளியாகவும், செய்யாதவன் இலாபக்காரனாகவும் இருக்கும் நிலை நீடிக்க முடியாது. எனவே எல்லோருக்கும் ஒரே சட்டம் போடுங்கள் என்று கம்பனிகளே கேட்டன. 2015 ஜூலையில் சட்டம் வந்தது. ஒரு வாய்க்காலில் ஒருவன் மட்டும் முறை பார்த்து நீர் எடுத்தால் அவனது வயல்தான் காயும். எல்லோரும் முறைக்குக் கட்டுப்பட்டால் கடைமடைக்கும் நீர் போகும். நீர்ப்பங்கீட்டில் கமக்காரர் கண்ட நியாயமே இது.

சுத்தமான எண்ணெயும் முழுத் தீர்வல்ல. மேலே சொன்ன 2018 ஆய்வின்படி, புதிய எண்ணெய்க்குப் பின்பும் ஆண்டுக்குச் சுமார் 250,000 அகால மரணங்கள் மிஞ்சும். கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியை ஓரளவு குளிர்வித்தும் வந்தன. அவை குறைந்ததால் மறைந்திருந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளிப்படுகிறது என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். அதற்காக நஞ்சைத் தொடர்ந்து ஊதச் சொல்ல முடியாது. வெப்பத்தின் மூலகாரணமான காபனீரொட்சைட்டைக் குறைப்பதே வழி. அதுதான் அடுத்து வரும் செலவு.

அடுத்து வரும் பற்றுச்சீட்டு

மனிதரால் வெளியேறும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ 3 வீதம் கப்பல்களுடையது. 2050 அளவில் அதைப் பூச்சிய நிலைக்குக் கொண்டுவருவது என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023 ஜூலையில் இலக்கு வைத்தது. எல்லையை மீறி வெளியேற்றும் கப்பல்களிடம் தொன்னுக்கு 100 அல்லது 380 டொலர் அறவிடும் திட்டம் ஒன்றுக்கு 2025 ஏப்ரலில் ஆரம்ப அங்கீகாரம் கிடைத்தது. அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் இறுதி முடிவு ஒரு வருடத்துக்குப் பிற்போடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஜனவரி முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்களின் காபனுக்கு விலை வைத்துவிட்டது.

மீண்டும் எமது கோதுமைக் கப்பலுக்கு வருவோம். ஒரு தொன் எண்ணெய் எரிந்தால் சுமார் 3.1 தொன் காபனீரொட்சைட்டு வரும். வெளியேறும் ஒவ்வொரு தொன்னுக்கும் 100 டொலர் என்றால், 900 தொன் எண்ணெய்க்கு 279,000 டொலர். கிலோ கோதுமைக்கு ஏறத்தாழ 1 ரூபா 40 சதம். இப்படி ஒவ்வொரு தொன்னுக்கும் 100 டொலர் அறவிட வேண்டும் என்று 2021 இல் கேட்டவர்கள் பணக்கார நாடுகள் அல்லர். கடல் மட்டம் உயர்ந்தால் காணாமற்போகக்கூடிய மார்ஷல் தீவுகளும் சொலமன் தீவுகளும். எல்லாப் பொருளும் கப்பலில் வரும் நாடுகள் தாமே கப்பலுக்கு வரி கேட்டன. ஏன்? அறவிடும் பணம் பாதிக்கப்படும் நாடுகளுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையுடன் கேட்டார்கள். செலவை மட்டும் ஏற்றால் சுமை. செலவோடு பங்கையும் கேட்டால் நியாயம்.

எமது நிலைப்பாடும் இவ்வாறே இருக்க வேண்டும் என்பது எனது கருத்து. 'பணக்காரன் புகைத்தான், ஏழை ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்டுவிட்டு ஒதுங்கினால் புகை எமக்கு, இலாபம் அவர்களுக்கு என்றே முடியும். அதற்குப் பதிலாக நான்கு விடயங்களைக் கேட்கலாம்.

முதலாவது, வேகக் குறைப்பு. கப்பலின் வேகத்தைப் பத்து வீதம் குறைத்தால், அதே பயணத்துக்கான எண்ணெய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். புதிய இயந்திரம் தேவையில்லை. கோதுமையும் யூரியாவும் மூன்று நாள் பிந்தி வந்தால் கெட்டுப்போவதில்லை. அதற்கேற்ப முன்கூட்டித் திட்டமிட்டால் போதும். பணம் அதிகம் செலவில்லாத இவ்வழி முதலில் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, காபனுக்கு அறவிடும் பணத்தில் ஒரு பங்கு, உணவையும் உரத்தையும் இறக்குமதி செய்யும் வறிய நாடுகளுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் பணம் தலைநகரிலேயே தங்கிவிடாமல் சிறு விவசாயியின் உரச் செலவைத் தாங்கும் வழியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டணத்தில் வெளிப்படைத்தன்மை. எண்ணெய் விலை ஏறும்போது கூடும் மேலதிகக் கட்டணம், விலை இறங்கும்போது அதே வேகத்தில் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பொது அமைப்பு வேண்டும். இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்ற ஒவ்வொரு படிக்கும் இது பொருந்தும். கிலோவுக்கு 90 சதம் கூடிய செலவு கடைக்கு வரும்போது 10 ரூபாவாக வளர்ந்திருந்தால், வளர்த்தது எவர் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, காற்றைக் காக்கிறோம் என்று கடலைக் கெடுக்கக்கூடாது. புகை கழுவிய நீரை மீன்பிடிக் கரைகளுக்கு அண்மையில் விடுவதற்கு எமது கடலிலும் இடமளிக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு கிராமம் தனித்துச் சாதிக்க முடியாதுதான். ஆனால் கமக்காரர் அமைப்புகள், மாதர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கூட்டங்களில் உர விலையும் மாவு விலையும் பேசப்படும்போது இந்தக் கணக்கையும் மேசையில் வைக்கலாம். மக்கள் பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது, கப்பற்கூலி பற்றிய சர்வதேசக் கூட்டங்களில் எமது நாடு எப்பக்கம் வாக்களிக்கிறது என்று கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் அடுத்த முறை தெரிந்துகொண்டு வரட்டும்.

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள், தங்களைக் கேட்காமல் வேறெவரோ எடுத்த முடிவுகளின் செலவைத் தாங்களே சுமந்தவர்கள். வீடும் வயலும் கிணறும் விட்டு நடந்தபோது அச்செலவுக்கு எவரும் பற்றுச்சீட்டுத் தரவில்லை. ஆதலால் செலவு எங்கே மறைக்கப்படுகிறது, எவரது தலையில் இறக்கப்படுகிறது என்பதை மற்றவர்களை விட விரைவாகக் கண்டுகொள்ளும் கண் அவர்களுக்கு உண்டு. நல்ல காற்றுக்கு ஒரு விலை இருக்கிறது. கிலோவுக்குச் சில சதங்கள். கூடினால் இரண்டு மூன்று ரூபா. அதைக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பது எதற்கென்று தெரிந்து, மற்றவர்களும் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்களா என்று பார்த்து, எண்ணிக் கொடுக்க வேண்டும்.